சானிடைசர் போத்தலும் கழகத்தின் யாப்பும்: சிறு மானியங்கள் யாரைச் சென்றடைகின்றன?

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் பிரிட்டிஷ் அரசு அறிவித்த உதவித் திட்டங்களுள் மிகச் சிறியவை சமூக விளையாட்டுக் கழகங்களுக்கான மானியங்கள் எனலாம். இங்கிலாந்தில் அடிமட்ட விளையாட்டுக்குப் பொறுப்பான அரசு சார் அமைப்பான ஸ்போர்ட் இங்கிலாந்து, 2020ஆம் ஆண்டில் 300 பவுண்டுகள் முதல் 10,000 பவுண்டுகள் வரையிலான தொகைகளை, கை கழுவும் திரவம், கிருமிநாசினி, தரையில் இடைவெளி குறிக்கும் பட்டைகள், பகிர்ந்து பயன்படுத்தாதிருக்கக் கூடுதல் உபகரணங்கள் போன்றவற்றை வாங்குவதற்கு வழங்கியது. வேலையிழப்பைத் தடுப்பதற்கும் பெருநிறுவனங்களைத் தாங்கிப் பிடிப்பதற்கும் அதே ஆண்டில் செலவிடப்பட்ட பல்லாயிரம் கோடிகளுக்கு முன்னால் இது கணக்கில் கொள்ளத்தக்க தொகையே அல்ல.

ஆயினும், ஒரு அரசு தன் குடிமக்களுள் எவரை ஓர் அமைப்பாகக் கண்டுகொள்கிறது, எவரை வெறும் கூட்டமாகப் பார்க்கிறது என்பதை அறிய, பெரிய திட்டங்களை விட இத்தகைய சிறிய திட்டங்களே அதிகம் உதவுகின்றன. வட மேற்கு லண்டனின் ரெய்னர்ஸ் லேன் பகுதியில் இருந்து பார்க்கும்போது இது தெளிவாகத் தெரிகிறது.

மெட்ரோபாலிட்டன், பிக்காடிலி ஆகிய இரு சுரங்க ரயில் பாதைகள் சந்திக்கும் ரெய்னர்ஸ் லேன், ஹாரோ நகரசபையின் ஆளுகைக்குள் வரும் புறநகர்ப் பகுதி. ஹாரோவின் மக்கள் தொகையில் சுமார் 45 சதவீதத்தினர் ஆசிய வம்சாவளியினர் என்று 2021 மக்கள் தொகைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. அவர்களுள் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், சீனர் என்ற கட்டங்களுக்குள் அடங்காமல் 'ஏனைய ஆசியர்' என்ற கட்டத்தில் குறிக்கப்பட்டவர்களே நகரசபையின் மக்களில் பத்தில் ஒரு பங்குக்கும் அதிகம். இந்தக் கட்டத்துக்குள்தான் இலங்கைத் தமிழர்களில் பெரும் பகுதியினர் அடக்கம். எண்ணிக்கையில் இருக்கிறார்கள், பெயரில் இல்லை. மானியங்கள் எந்தச் சமூகங்களுக்குச் சென்றன என்று பின்னாளில் ஆராய்பவர்களுக்கும் அவர்கள் இதே கட்டத்தின் பின்னால்தான் மறைந்து நிற்கிறார்கள்.

இங்குள்ள தமிழர் விளையாட்டு வாழ்க்கை, பிரிட்டிஷ் விளையாட்டுக் கழகம் என்றவுடன் நினைவுக்கு வரும் சொந்த மைதானம், மதுக்கூடம், உறுப்பினர் அட்டை ஆகியவற்றோடு பெரும்பாலும் தொடர்பற்றது. பூங்கா மைதானத்தை வார இறுதிக்கு வாடகைக்கு எடுப்பதும், பள்ளிக்கூட மண்டபத்தில் மாலை இரண்டு மணி நேரம் பேட்மிண்டன் ஆடுவதும், ஊர்ச் சங்கத்தின் அல்லது பழைய மாணவர் சங்கத்தின் பெயரில் கோடையில் ஒரு நாள் விளையாட்டு விழா நடத்துவதுமே வழக்கம். வலை, விக்கெட் கம்புகள், பந்துகள் எல்லாம் யாரோ ஒருவருடைய காரின் பின்பெட்டியில் இருக்கும். அந்த ஒருவருக்கு வேலை மாறினால் கழகமும் சில மாதங்களுக்கு ஓய்வெடுக்கும்.

மார்ச் 2020

இந்தப் பகுதியில் பெருந்தொற்று எப்படி வந்து இறங்கியது என்பதைக் கூறாமல் அடுத்து வந்தவற்றைப் புரிந்துகொள்ள இயலாது. பிரதமர் போரிஸ் ஜான்சன் 2020 மார்ச் 23ஆம் தேதி முடக்கத்தை அறிவிப்பதற்குச் சில நாட்கள் முன்னதாகவே, ஹாரோ மக்கள் நம்பியிருக்கும் நார்த்விக் பார்க் மருத்துவமனை, தீவிர சிகிச்சைப் படுக்கைகள் போதாமையால் நெருக்கடி நிலையை அறிவித்திருந்தது. பிரிட்டனில் அவ்வாறு முதலில் திணறிய மருத்துவமனைகளில் அது ஒன்று. அருகிலுள்ள பிரென்ட் நகரசபைப் பகுதி, முதல் அலையின்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மரண விகிதம் மிக உயர்ந்திருந்த பகுதியாகப் பதிவானது.

பேருந்து ஓட்டுநர்கள், மருத்துவமனை ஊழியர்கள், கடைக்காரர்கள் என்று வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாதவர்கள் செறிந்து வாழும் வட்டாரம் இது. ஒரே கூரையின் கீழ் மூன்று தலைமுறைகள் வசிப்பதும் இங்கு சாதாரணம். ஆகவே, விளையாடச் சென்ற மகன் எதைத் தொட்டுவிட்டு வீடு திரும்புகிறான் என்பது பாட்டனாரின் உயிரோடு தொடர்புடைய கேள்வியாக இருந்தது. மறுபுறம், நீரிழிவும் இதய நோயும் தெற்காசியர்களிடையே அதிகம் என்பதும், உடற்பயிற்சி குறைவது அந்நோய்களை மோசமாக்கும் என்பதும் மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருபவை. வெளியே போனாலும் ஆபத்து, வீட்டுக்குள்ளேயே இருந்தாலும் ஆபத்து என்ற நிலையில்தான் அந்தச் சிறு மானியம் அறிவிக்கப்பட்டது.

2020 மார்ச் இறுதியில் ஸ்போர்ட் இங்கிலாந்து 19.5 கோடி பவுண்டு உதவித் திட்டம் ஒன்றை வெளியிட்டது. அதில் 2 கோடி பவுண்டு, மூடிக் கிடக்கும் கழகங்கள் வாடகை போன்ற தவிர்க்க முடியாத செலவுகளைச் சமாளிப்பதற்கான அவசர நிதியாக ஒதுக்கப்பட்டது. கோடையில் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது, மீண்டும் விளையாட்டுக்குத் திரும்புவதற்கென 1.65 கோடி பவுண்டு கொண்ட வேறொரு நிதி வந்தது. நாம் பேசும் சுகாதாரப் பொருட்களும் உபகரணங்களும் இந்த இரண்டாவது நிதியின் கீழ் வருபவை.

பந்து எனும் சந்தேக நபர்

அந்தக் கோடையில் தமிழ் இளைஞர்களின் கவனம் முழுவதும் கிரிக்கெட் மீதே இருந்தது. டென்னிசுக்கும் கோல்ஃபுக்கும் மே மாதத்திலேயே அனுமதி கிடைத்துவிட்டது. கிரிக்கெட் மட்டும் காத்திருந்தது. கிரிக்கெட் பந்து இயல்பிலேயே நோயைக் கடத்தக் கூடிய ஒன்று என்று ஜூன் மாதத்தில் பிரதமர் நாடாளுமன்றத்தில் கூறியது அப்போது பெரிதும் கேலிக்கு உள்ளானது. ஜூலை 11ஆம் தேதி முதல்தான் இங்கிலாந்தில் கழக மட்ட ஆட்டங்களுக்கு வழி பிறந்தது.

வழி பிறந்தாலும் நிபந்தனைகள் பல. ஆறு ஓவர்களுக்கு ஒரு முறை, அல்லது இருபது நிமிடங்களுக்கு ஒரு முறை, ஆட்டத்தை நிறுத்தி அனைவரும் கைகளைச் சுத்தம் செய்ய வேண்டும். பந்தைத் துடைக்க வேண்டும். எச்சிலோ வியர்வையோ பந்தில் படக்கூடாது. நடுவர் பந்தைத் தொடக்கூடாது. உடை மாற்றும் அறைகள் பூட்டியே இருக்கும். தேநீர் இடைவேளை உணவு கிடையாது. அவரவர் உணவை அவரவரே கொண்டுவர வேண்டும். தமிழ் அணிகளைப் பொறுத்தவரை மைதான ஓரத்தில் பெரிய பாத்திரத்தில் வந்திறங்கும் சோறும் மட்டன் ரோல்ஸும் அந்தப் பருவத்தில் காணாமல் போயின. ஆட்டத்தை விட அதற்காக வந்தவர்கள் சிலர் அப்பருவத்தில் வரவேயில்லை என்பது வேறு விடயம்.

உபகரணங்களைப் பகிர்ந்து பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும் என்ற அறிவுரையே உண்மையில் ஏழைக் கழகங்களை அதிகம் பாதித்தது. வசதி படைத்த கழகத்தில் ஒவ்வொரு வீரருக்கும் சொந்த மட்டை, சொந்தக் கால்காப்பு, சொந்தத் தலைக்கவசம் இருக்கும். அவர்களுக்கு இந்த விதியால் எந்த மாற்றமும் இல்லை. பொதுப் பை ஒன்றுக்குள் இரண்டு சோடிக் கால்காப்புகளை வைத்துக்கொண்டு, ஆட்டமிழந்து வருபவர் கழற்றி அடுத்தவருக்குக் கட்டிவிடும் அணியின் நிலை வேறு. இத்தகைய அணிக்கு நான்கைந்து சோடிக் கால்காப்புகளும் சில தலைக்கவசங்களும் சில போத்தல் சானிடைசரும் வாங்க ஆகும் செலவு சில நூறு பவுண்டுகள். மானியத்தின் கீழ் எல்லை 300 பவுண்டுகள் என்று நிர்ணயிக்கப்பட்டிருந்ததைப் பார்க்கும்போது, திட்டத்தை வகுத்தவர்கள் இப்படிப்பட்ட அணியையும் மனதில் வைத்திருந்தனர் என்றே தோன்றுகிறது. அந்த வகையில் அது நன்கு சிந்திக்கப்பட்ட திட்டம்.

போத்தல்களுக்கு அவ்வளவு முக்கியத்துவம் தேவையிருந்ததா என்பது பின்னாளில் எழுந்த கேள்வி. பொருட்களின் மேற்பரப்பைத் தொடுவதால் இந்தத் தொற்று ஏற்படும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் கூறியது. மூச்சுக் காற்றே முக்கிய வழி என்பது அதற்குள் தெளிவாகியிருந்தது. பார்க்கப்போனால், திறந்த வெளியில் ஆடப்படும் கிரிக்கெட்டை விட, சன்னல்கள் மூடிய பள்ளிக்கூட மண்டபத்தில் ஆடும் பேட்மிண்டனுக்கே பாதுகாப்பு அதிகம் தேவைப்பட்டது. ஆனால் காற்றோட்டத்துக்குப் பற்றுச்சீட்டு கிடையாது. போத்தலுக்கு உண்டு. எந்த நிதியமும் கணக்குக் காட்டக்கூடிய பொருளையே விரும்பும். பொது நிதியின் இயல்பு அது என்பதால் இதற்காக அதிகாரிகளை அதிகம் குறை சொல்வதற்கில்லை.

அதேவேளை, அந்தப் போத்தல்கள் முற்றிலும் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. மைதான நுழைவாயிலில் ஒரு மேசை, அதில் சானிடைசர், வந்தவர் பெயரை எழுத ஒரு தாள், பக்கத்தில் பொறுப்பாக ஒருவர் என்ற காட்சி, பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய பெற்றோருக்குத் தைரியம் அளித்தது. கிருமியைக் கொன்றதோ இல்லையோ, அச்சத்தை ஓரளவு குறைத்தது. 2020 நவம்பரிலும் 2021 ஜனவரியிலும் மீண்டும் முடக்கங்கள் வந்து, கடைசியாக 2021 மார்ச் 29ஆம் தேதி வரை வெளிப்புற விளையாட்டு நின்றுபோன பின்னர், திரும்பி வந்த பிள்ளைகளை வரவேற்கவும் அந்த மேசையே பயன்பட்டது.

படிவம் கேட்கும் கேள்விகள்

இனி, இந்த மானியத்தைப் பெறும் வழிக்கு வருவோம். தொகை சிறியது, விண்ணப்பப் படிவமும் ஒப்பீட்டளவில் எளியது என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் படிவத்தை நிரப்பத் தொடங்குவதற்கு முன்பே சில தகுதிகள் தேவை. கழகத்துக்கு எழுதப்பட்ட யாப்பு இருக்க வேண்டும். இலாப நோக்கற்றது என்பதும், கலைக்கப்பட்டால் சொத்துகள் யாருக்குச் சேரும் என்பதும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். கழகத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு வேண்டும். பணத்துக்குப் பொறுப்பானவர்கள் ஒருவருக்கொருவர் உறவினராக இருக்கக்கூடாது. சிறுவர்கள் பங்கேற்பதாயின் அவர்களது பாதுகாப்புக்கான கொள்கை ஆவணமும் வேண்டும்.

உறவினர் அல்லாத இருவர் என்ற நிபந்தனை, பிரிட்டிஷ் பொது நிதி அமைப்புகள் பலவற்றிலும் உள்ள நியாயமான ஏற்பாடு. கணவனும் மனைவியும் சேர்ந்து பணத்தைச் சுருட்டிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஆனால் ஒரே ஊரிலிருந்து புலம்பெயர்ந்தவர்கள் நடத்தும் கழகத்தில் தலைவரும் செயலாளரும் பொருளாளரும் எந்த வழியிலும் உறவில்லை என்று நிரூபிப்பது எளிதன்று. மைத்துனர் இல்லாவிட்டால் ஒன்றுவிட்ட சகோதரர், அதுவும் இல்லாவிட்டால் சம்பந்தி. இதை வேடிக்கையாகச் சொல்லலாம். எனினும் தமிழரிடையே ஒரு கழகம் உறவின் மீது நிற்கிறது என்பதும், பிரிட்டிஷ் நிர்வாகம் அந்த உறவையே சந்தேகத்துக்குரியதாகக் கருதுகிறது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

வங்கிக் கணக்கு விடயம் இன்னும் சிக்கலானது. சிறிய சங்கங்களுக்குக் கணக்குத் திறப்பது பெருந்தொற்றுக் காலத்தில் எவருக்குமே கடினமாக இருந்தது. முன்பு இலவசமாக இருந்த சமூக அமைப்புகளின் கணக்குகளுக்குப் பெரிய வங்கி ஒன்று 2021 நவம்பர் முதல் மாதக் கட்டணம் அறவிடவும் தொடங்கியது. தமிழர்களுக்கு இதோடு வேறொரு பின்னணியும் சேர்கிறது. விடுதலைப் புலிகள் அமைப்பை பிரிட்டன் 2001ஆம் ஆண்டில் தடை செய்த பின்னர், தமிழ் அறக்கட்டளைகள் சில, அறக்கட்டளை ஆணையத்தின் விசாரணைகளுக்கு உள்ளாயின. அரசியலோடு எவ்வகையிலும் தொடர்பில்லாத சங்கங்களின் நிர்வாகிகள் கூட, தங்கள் பெயர் எந்தப் பட்டியலில் ஏறுமோ என்று தயங்கிய காலம் அது. மூத்த தலைமுறையினரிடம் அந்தத் தயக்கம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. உறுப்பினர் சந்தாவைக் கையில் வாங்கி மைதான வாடகையைக் கையில் கொடுப்பது அவர்களுக்கு எளிமையானதாகவும், பாதுகாப்பானதாகவும் தோன்றுகிறது.

ஊர் நோக்கிய ஆவணங்கள்

இதிலிருந்து தமிழர்களுக்கு அமைப்பாக இயங்கத் தெரியாது என்ற முடிவுக்கு வருவது பெரும் தவறு. யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றின் விளையாட்டுக் கழகத்தையோ சன சமூக நிலையத்தையோ அறிந்தவர்களுக்கு இது தெரியும். யாப்பு இருக்கும், கூட்ட அறிக்கைப் புத்தகம் இருக்கும், ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் பொருளாளர் வாசிக்கும் கணக்கறிக்கை மீது காரசாரமான விவாதமும் நடக்கும். பிரதேச செயலகத்தில் பதிவு செய்யாத கழகத்துக்கு அங்கு எதுவும் கிடைக்காது.

லண்டனிலும் தமிழர்களிடம் ஆவணங்கள் இல்லாமல் இல்லை. பழைய மாணவர் சங்கங்கள் பல, முறையாகப் பதிவு செய்யப்பட்ட அறக்கட்டளைகள். அவற்றின் வரவு செலவுக் கணக்குகள் பொதுமக்கள் பார்வைக்கு உள்ளன. ஆனால் அந்த ஆவணங்களின் முகம் தாயகத்தை நோக்கியே இருக்கிறது. ஊரிலுள்ள பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை கட்டவும், மாணவர்களுக்கு உதவித்தொகை அனுப்பவும் அவை உருவாக்கப்பட்டன. லண்டனில் நடக்கும் கிரிக்கெட் போட்டியும் பெரும்பாலும் அதற்கான நிதி திரட்டும் நிகழ்ச்சியே. அங்கு அனுப்பும் பணத்துக்கு இரட்டைக் கையெழுத்து உண்டு. இங்கு பிறந்த பிள்ளைகள் சனிக்கிழமை ஆடும் ஆட்டத்துக்கோ யாப்பும் இல்லை, கணக்கும் இல்லை. போரும் சுனாமியும் ஏற்படுத்திய கடமை உணர்வின் விளைவு இது என்பதால் எவரையும் பழிக்க இயலாது. எனினும், முப்பது நாற்பது ஆண்டுகளாக இங்கு வேரூன்றிவிட்ட சமூகம் ஒன்று, இங்குள்ள தன் வாழ்க்கையை இன்னமும் தற்காலிகமானதாகவே பதிவு செய்து வருகிறது என்ற விமர்சனத்துக்கு இதில் இடமிருக்கிறது. 2020ஆம் ஆண்டு கோடை அதைச் சற்றுக் கூர்மையாக வெளிப்படுத்தியது.

இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் விளையாட்டுக் கழகங்களுக்குச் சிறு உதவிகள் செல்லும் வழியோடு இதை ஒப்பிடலாம். இலங்கையில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் பரிந்துரையில் செலவிடப்படும் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்ட நிதியிலிருந்து கரப்பந்து வலையும், சீருடையும், நாற்காலிகளும் கிராமக் கழகங்களுக்குக் கிடைப்பது வழக்கம். கழகம் பதிவு பெற்றிருந்தால் மட்டும் போதாது. உறுப்பினரைப் போய்ப் பார்க்கவும் வேண்டும், பொருட்களைக் கையளிக்கும்போது படம் எடுத்துக்கொள்ளவும் வேண்டும். தமிழ்நாட்டில் அதிமுக அரசு 2020இல் கொண்டுவந்த விளையாட்டுத் திட்டம் 'அம்மா' என்ற பெயரைத் தாங்கியிருந்தது. திமுக அரசு 2024இல் தொடங்கிய, 12,500க்கும் அதிகமான ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணங்கள் வழங்கும் திட்டத்துக்குக் கலைஞரின் பெயர் சூட்டப்பட்டது. பெயர்கள் மாறினாலும், தமிழ்நாட்டுத் திட்டத்தில் ஒரு அனுகூலம் இருக்கிறது. எவரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஊராட்சி என்று ஒன்று இருந்தால் அதற்கு உபகரணப் பெட்டி வந்து சேரும். அது அந்த ஊருக்குத் தேவையான உபகரணமா, பூட்டிய அறைக்குள் கிடக்கப் போகிறதா என்பது அடுத்த கேள்வி.

பிரிட்டிஷ் முறையில் அரசியல்வாதியின் தயவு தேவையில்லை. இது குறைத்து மதிப்பிடக் கூடாத நன்மை. ஆனால் அந்த இடத்தில் படிவம் நிரப்பத் தெரிந்தவரின் தயவு வந்து அமர்ந்துகொள்கிறது. கணக்காளரோ வழக்கறிஞரோ உறுப்பினராக உள்ள கழகம் ஒரு மாலைப் பொழுதில் விண்ணப்பத்தை முடித்துவிடும். இரவுப் பணி முடித்துவரும் ஒருவர் நடத்தும் கழகம், திட்டம் மூடப்பட்ட பின்னர்தான் அப்படியொன்று இருந்ததையே கேள்விப்படும்.

கடை மேசையிலிருந்து போகும் பணம்

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. ஸ்போர்ட் இங்கிலாந்து வழங்கும் நிதியில் பெரும் பங்கு வரிப்பணம் அல்ல, 1994 நவம்பரில் தொடங்கப்பட்ட தேசிய லாட்டரியின் வருவாய். பொது நற்பணிகளுக்கென ஒதுக்கப்படும் லாட்டரிப் பணத்தில் 20 சதவீதம் விளையாட்டுக்குச் செல்கிறது. மானியம் பெறுபவர்கள், ஒன்றன்மீது ஒன்றாய்ப் பின்னிய விரல்களைக் கொண்ட லாட்டரிச் சின்னத்தைக் காட்சிப்படுத்தி நன்றி தெரிவிக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. தலைவரின் படத்துக்குப் பதிலாக விரல்களின் படம்.

அந்த லாட்டரிச் சீட்டுகள் விற்பனையாகும் இடங்களில் கணிசமானவை தமிழர்கள் நடத்தும் சில்லறைக் கடைகளும் பெட்ரோல் நிலையங்களும். லண்டனின் புறநகர்களில் அதிகாலை முதல் இரவு வரை அந்த மேசைக்குப் பின்னால் நிற்பவர்களில் தமிழர்கள் எத்தனை பேர் என்பது இங்கு வாழ்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். வாங்குபவர்களில் பலர் குறைந்த வருமானம் உள்ளவர்கள். அவர்கள் கொடுக்கும் சில்லறை தமிழ்க் கடைக்காரர் கை வழியாகப் போய், விளையாட்டு நிதியாக மாறி, எந்த மைதானத்தில் புல்லாக முளைக்கிறது என்பது நியாயமான கேள்வி.

அதற்கான விடை அரசிடமே முழுமையாக இல்லை என்பதுதான் அதிர்ச்சிக்குரியது. நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு 2023 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, 2016 முதல் ஸ்போர்ட் இங்கிலாந்து வழங்கிய சுமார் 150 கோடி பவுண்டு மானியங்களில் மூன்றில் இரண்டு பங்கு எந்த உள்ளூர்ப் பகுதிகளில் செலவானது என்பதைச் சொல்ல முடியாத நிலை இருப்பதாகக் கண்டித்தது. 300 பவுண்டு பெற்ற கழகத்திடம் ஒவ்வொரு போத்தலுக்கும் பற்றுச்சீட்டு கேட்கும் முறைமை, பெருந்தொகைகளின் முகவரியை இழந்துவிட்டிருக்கிறது.

பெரியவர்களுக்குக் கிடைத்ததையும் சற்றுப் பார்க்கலாம். 2020 நவம்பரில், அப்போதைய கலாசார அமைச்சர் ஒலிவர் டவுடன், பார்வையாளர்கள் இன்றி நலிந்த விளையாட்டுகளுக்கு 30 கோடி பவுண்டு குளிர்கால மீட்புத் திட்டத்தை அறிவித்தார். பெரும்பாலும் கடன் வடிவிலான அதில் ரக்பி யூனியனுக்கு மட்டும் 13.5 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. ரக்பிக்குக் கொடுத்தது தவறு என்பதல்ல. வேலைகளும் நூற்றாண்டு பழமையான அணிகளும் அதில் தங்கியிருந்தன. ஆனால் விளையாட்டின் உச்சியில் உள்ளவர்கள் அமைச்சரோடு நேரில் பேச முடிந்தது. அடியில் உள்ளவர்களுக்குக் கிடைத்தது ஒரு படிவம்.

இடைத்தரகர் என்ற கெட்ட சொல்

அந்த ஆண்டிலேயே வேறொரு வழியும் முயன்று பார்க்கப்பட்டது. குறைந்த வருமானம் கொண்டவர்கள், மாற்றுத் திறனாளிகள், சிறுபான்மை இனத்தவர் ஆகியோரை மையப்படுத்தி 2 கோடி பவுண்டுடன் தொடங்கிய ஏற்றத்தாழ்வு எதிர்ப்பு நிதி, கழகங்களை நேரடியாக விண்ணப்பிக்கச் சொல்லவில்லை. லண்டன் ஸ்போர்ட் போன்ற வட்டார அமைப்புகளும் சமூக நிறுவனங்களும் தமக்குத் தெரிந்த சிறு குழுக்களைத் தேடிப்போய்க் கொடுத்தன. பின்னர் வேறு பெயரில் சில ஆண்டுகள் தொடர்ந்த இந்த முறையில், யாப்பும் கணக்கும் உள்ள அமைப்பு ஒன்று, அவை இல்லாத குழுவுக்குக் குடையாக நிற்க முடிந்தது.

இடைத்தரகர் என்றால் தமிழில் நல்ல பொருள் இல்லை. ஆனாலும் ரெய்னர்ஸ் லேன் போன்ற பகுதிக்குப் பொருத்தமான வழி இதுவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. தமிழ்ப் பள்ளிகள், கோயில்கள், பழைய மாணவர் சங்கங்கள் ஆகியவற்றிடம் பதிவும் கணக்கும் இருக்கின்றன. அருகில் மைதானத்தில் ஆடும் பிள்ளைகளிடம் அவை இல்லை. முந்தையவர்கள் தங்கள் யாப்பில், இப்பகுதி மக்களின் உடல் நலமும் விளையாட்டும் என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டால் பல கதவுகள் திறக்கும். அப்படிச் சேர்ப்பதற்குப் பொதுக் கூட்டம் கூட்ட வேண்டும், ஊருக்குப் போகும் பணம் குறைந்துவிடும் என்ற எதிர்ப்பையும் சமாளிக்க வேண்டும். உண்மையில் இந்த மானியத்தால் ஊருக்குப் போகும் பணத்தில் ஒரு பென்சும் குறையப் போவதில்லை.

பெண் பிள்ளைகள் விடயத்தில் இது மேலும் அவசரமானது. கிரிக்கெட் அணிக்காகக் காரின் பின்பெட்டியைத் திறந்து வைக்க ஆட்கள் இருக்கிறார்கள். பெண்களுக்கான வலைப்பந்துக்கோ பேட்மிண்டனுக்கோ ஒரு மண்டபமும், ஒரு பயிற்றுநரும், பாதுகாப்பான நேரமும் வேண்டும். அவற்றுக்குப் பணம் வேண்டும். பெருந்தொற்றின்போது வெளியாருக்குக் கதவை மூடிய பள்ளிக்கூட மண்டபங்கள் பல, அனுமதி வந்த பின்னரும் திறக்கத் தயங்கின. பள்ளிகளின் விளையாட்டு வசதிகளை மாலையிலும் விடுமுறையிலும் திறந்துவிட 5.7 கோடி பவுண்டு ஒதுக்குவதாக அரசு பின்னர் அறிவித்தது, பிரச்சினை எவ்வளவு பெரியது என்பதற்குச் சான்று. மண்டபத்தை இழந்த குழுக்களில் முதலில் கலைந்துபோகக் கூடியவை யாப்பில்லாத குழுக்கள்தான். கலைந்ததாகக் கூட எங்கும் பதிவாகாது, ஏனெனில் இருந்ததாகவே பதிவில்லை.

சானிடைசருக்கான மானியம் முடிந்துவிட்டது. ஸ்போர்ட் இங்கிலாந்து தன் சிறு மானியத் திட்டங்களை ஒருங்கிணைத்து 2024ஆம் ஆண்டில் மூவ்மென்ட் ஃபண்ட் என்ற ஒரே திட்டமாக அமைத்தது. உச்ச வரம்பு இப்போது 15,000 பவுண்டுகள். வசதி குறைந்த மக்களுக்கும், இதுவரை பங்கேற்காதவர்களுக்கும் முன்னுரிமை என்று அது சொல்கிறது. ஹாரோவின் 'ஏனைய ஆசியர்' கட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு அந்த வரையறை நன்றாகவே பொருந்தும். யாப்பு, கணக்கு, உறவினரல்லாத இருவர் என்ற கேள்விகள் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. கிரிக்கெட் பருவம் ஏப்ரல் இறுதியில் தொடங்குகிறது, ஊர்ச் சங்கங்களின் ஆண்டுப் பொதுக் கூட்டங்கள் பலவும் அதற்கு முன்னதாகவே நடப்பவை.